சிலிண்டருக்குள் பட்டுக் கயிறு

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். குழாயில் தண்ணீர் ஆறரைக்கே நின்றுவிட்டது. மூன்று குடம்தான்.

இன்றைய வேலை: வேனின் முன்சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் இன்ஜினைத் திறப்பது. ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. ஓடும்போது துடிப்பு விட்டு விட்டு. என் வீட்டுக்காரர் ச. சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டார், வால்வு ஸ்பிரிங் ஒன்று உடைந்திருக்கிறது என்று. புகை வருவது வால்வு சீலால். ஆறு ஸ்பிரிங்கையும் கழற்ற வேண்டும், சீல் மாற்ற வேண்டும், புது ஸ்பிரிங் போட வேண்டும்.

ஷெட்டில் விடலாம் என்றேன். பக்கத்தில் இருக்கிற இரண்டு ஷெட்டிலும் அவர் கை நீட்டியிருக்கிறார். ஒருவனுக்கு இன்னும் ஒரு காது சரியாகக் கேட்பதில்லையாம். எங்கள் வேனை வாசலில்கூட நிறுத்த விட மாட்டார்கள்.

"நான் சொல்றேன், நீ செய். பிஎஸ்சி பிசிக்ஸ்தானே. இதுக்காவது ஒதவட்டும்."

அவரால் செய்ய முடியாது. விசைத்தறி பழுது பார்க்கிறவர், கழற்றிப் பூட்டுவதுதான் தொழில். ஆனால் வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. ஜூன் 6 போட்டது. ஆறு வாரம். பிரிக்கும் நாள் 18, வெள்ளி. இன்னும் பதினொரு நாள்.

எப்படி உடைந்தது என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன். போன் அடித்து நான் எடுக்கவில்லை, அதற்கு. அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். கை வருவதைப் பார்த்தேன். இருபத்தொரு வருஷத்தில் முதல்முறையாகத் தலையை நகர்த்தினேன். யோசித்துச் செய்யவில்லை. கை நிலைக்கட்டையில் பட்டது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சொன்னது: "நீ ஆடாம நின்னிருந்தா எனக்கு இப்டி ஆயிருக்குமா?"

அன்றிலிருந்து முப்பத்தொரு நாள். அடி இல்லாத முப்பத்தொரு நாள். இடது கையால் எதையாவது எறிவார், அதை நான் சேர்ப்பதில்லை.

சாயங்காலம் நி. போன் செய்தாள், வேலூர் ஹாஸ்டலிலிருந்து. "சாப்டியாம்மா?" பிறகு, "கட்டு என்னிக்குப் பிரிக்கறாங்க?" போன வாரமும் இதையே கேட்டாள். என் மகளும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.


ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். பக்கத்து வீட்டுத் தறிகள் ஏழு மணிக்கே ஓட ஆரம்பித்துவிட்டன. பரிமளாக்கா வீட்டில் நான்கு தறி. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். தறி ஓடினால் இந்த வீட்டில் கத்திப் பேசினால்தான் கேட்கும்.

மேல்மூடியைக் கழற்றினேன். மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. எண்ணெயில் ஊறி எல்லாம் கறுப்பாக. ஐந்தாவது ஸ்பிரிங் இரண்டாவது சுற்றில் ஒடிந்திருந்தது. ச. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு "சொன்னேன் பார்" என்றார். சந்தோஷம்.

புது ஸ்பிரிங் ஒன்றை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தேன். மயிரிழைகூட இறங்கவில்லை. உள்ளங்கையில் வட்டமாகத் தடம்.

கல்லூரி லேப் ஞாபகம். ஸ்பிரிங்கில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு எவ்வளவு நீள்கிறது என்று கிராப் போடுவோம். நேர்கோடு வரும். ஓர் எல்லையைத் தாண்டினால் கோடு வளையும் என்று புத்தகத்தில் இருந்தது. அதை மட்டும் யாரும் செய்து பார்க்கவில்லை. ஸ்பிரிங் கெட்டுவிடும் என்று மேடம் விட மாட்டார்.

பிரச்சினை ஒன்று. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் லாக்கை எடுத்ததும் வால்வு வழுக்கி சிலிண்டருக்குள் விழுந்துவிடும். விழுந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி: பிளக் ஓட்டை வழியாக உள்ளே கயிறைத் திணித்து, பிஸ்டனை மேலே ஏற்றினால், கயிறு நசுங்கி வால்வை விழாமல் தாங்கும். நைலான் கயிறு வேண்டும்.

"எதுக்கு நைலான்? பட்டுல திரி."

இந்தத் தெருவில் எல்லாவற்றுக்கும் அதுதான். பாவு அறுத்தது போக மிஞ்சும் பட்டு இழைகளை முறுக்கித் துணிக்கொடி, தொட்டில், கேட்டுக்குப் பூட்டுப்போல ஒரு கட்டு. எங்கள் வீட்டிலும் ஒரு பை நிறைய.

"இழை இழையா பிரிஞ்சிடுங்க. நான் போய் நைலான் வாங்கியாரேன்."

"பட்டு அறுவாது. ஒனக்கு இன்னா தெரியும்."

எறிந்தவை: பதினான்காம் நம்பர் ஸ்பேனர் (முழங்காலுக்குக் கீழே, வீக்கம்). டம்ளர் (சுவர்).

மத்தியானம் உட்கார்ந்து பட்டு திரித்தேன். மயில் கழுத்து நிறமும் அரக்கும். விரல் தடிமன், இரண்டு முழம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.


ஜூலை 9, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. இட்லி மாவு பொங்கி மேடை எல்லாம்.

முதல் சிலிண்டர் முடிந்தது. மறந்துவிடக் கூடாது என்று முறையை எழுதுகிறேன்.

பிளக்கைக் கழற்று. பிஸ்டன் கீழே இருக்கும்போது கயிறை விடு, நுனி வெளியே இருக்கட்டும். இன்ஜினைக் கையால் சுற்று. ஓர் இடத்தில் கயிறு நசுங்கி நிற்கும். அதற்குமேல் சுற்றாதே. நெம்புகோலை மாட்டி (ச. தறிக் கம்பியில் வெல்டு வைத்துச் செய்தது) ஸ்பிரிங் தலையில் இருக்கும் தட்டை அமுக்கு. தட்டு இறங்கினால் நடுவில் இரண்டு லாக் தெரியும், நெல்மணி அளவு. கிரீஸ் தொட்ட ஸ்குரூடிரைவரில் ஒட்டி எடு. பிறகு நெம்புகோலை மெதுவாக விடு. இந்த மெதுவாகத்தான் எல்லாம். பூட்டும்போது இதையே திருப்பிச் செய்.

இரண்டு பேர் வேண்டும். நான் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். ச. குனிந்து இடது கையால் லாக்கை எடுத்தார். அவருடைய தலை என் மோவாய்க்குக் கீழே. உச்சியில் வழுக்கை விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. தேங்காயெண்ணெயும் வியர்வையும்.

"அமுக்கு. இன்னும். கை நடுங்குது பார், பொம்பள கை. விட்றாத. விட்டா என் கண்ணு பூடும்."

பயமில்லாமல் சொன்னார். வேலை சொல்லிக்கொடுக்கிற குரல். இருபத்தொரு வருஷம் அடித்த மனிதர் தன் கண்ணைக் கொண்டுவந்து என் கைக்கு அடியில் வைத்திருக்கிறார். அவருக்கு அப்படி ஒன்று தோன்றவே இல்லை.

இரண்டாவது வால்வு முடிந்ததும் "நல்லாத்தான் செய்யற" என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. காபியில் சர்க்கரை கூடப் போட்டேன்.

நான்கு மணிக்கு அடுத்த சிலிண்டர் ஆரம்பித்தோம். மூன்றாவது ஸ்பிரிங்கில் ஒரு லாக் தெறித்துவிட்டது. தேடினோம். சீட்டுக்கு அடியில், பாயில், என் புடவை மடிப்பில். காந்தத்தை விட்டுத் துழாவினேன். இல்லை.

"எங்க போச்சு?"

"தெரியலீங்க. இங்கதான் எங்கனா..."

கட்டுப் போட்ட கையாலேயே. இடது காதின் மேல். கல்லால் அடித்ததுபோல. கண்ணுக்குள் வெள்ளையாகிவிட்டது. அடித்த வலி அவருக்கும்தான், கையை மடியில் வைத்துக்கொண்டு முனகினார். என் தோளில் மாவு உதிர்ந்திருந்தது. தட்டிவிட்டேன்.

முப்பத்து மூன்று நாளோடு முடிந்தது.


ஜூலை 10, வியாழன்

கரண்ட் கிடையாது, ஒன்பதிலிருந்து ஐந்து வரை. மாதாந்திரப் பராமரிப்பு. தறி நின்றதும் தெரு புதிதாகக் கேட்கிறது. யாரோ கீரை விற்கிறார்கள், ஒரு சைக்கிள் மணி, பரிமளாக்கா கரண்டியால் பாத்திரத்தைச் சுரண்டுவது.

கரண்ட் இல்லாத நாளில் எனக்கு அடி விழுந்ததில்லை. இந்த வருஷங்களில் ஒருமுறைகூட. தறி நின்றால் சத்தம் தெருவுக்குப் போகும். ச. அதை யோசித்துச் செய்வாரா, தானாக வருகிறதா, தெரியாது. மற்றவர்கள் கரண்ட் போனால் திட்டுவார்கள். நான் முன்கூட்டியே பேப்பரில் தேதி பார்த்து வைப்பேன்.

தலை வாரும்போது சீப்பிலிருந்து அந்த லாக் விழுந்தது. முடிக்குள் இருந்திருக்கிறது. காது வீங்கிக் கொதிக்கிறது. உள்ளே ஒரு விசில்.

பத்து மணிக்கு மறுபடி உட்கார்ந்தோம். லாக் கிடைத்ததைச் சொன்னேன். "மண்டைலயே வச்சிகினு ஊரெல்லாம் தேடியிருக்கா" என்று சிரித்தார். நான் அமுக்கினேன். அவர் குனிந்தார். மூன்றாவது ஸ்பிரிங், பூட்டுகிற வேலை. தட்டு இறங்கியது. முதல் லாக்கை வைத்தார், நிற்கவில்லை. மறுபடி வைக்க இன்னும் குனிந்தார். தட்டு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. நான் பார்த்தேன். சாயுதுங்க என்று சொல்ல நேரம் இருந்தது.

எல்லாரிடமும் கை வழுக்கியது என்றேன். இங்கே எழுதுகிறேன். வழுக்கவில்லை. விரல்களைத் திறந்தேன். எந்த விரலை முதலில் என்றுகூடத் தெரியும்.

வெடி போட்டதுபோல ஒரு சத்தம், வேன் கூரையில் எதுவோ மோதி விழுந்தது. ச. அலறினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. முகத்தைப் பொத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம் இறங்கி மாவுக்கட்டில் சொட்டியது. வெள்ளையில் எவ்வளவு சிவப்பு.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாசல் நிறைய ஆட்கள். இருபத்தொரு வருஷத்தில் என் சத்தத்துக்கு ஒருவர் வந்ததில்லை.

பரிமளாக்காதான் முதலில் உள்ளே வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த நெம்புகோலைப் பார்த்தாள்.

"இன்னாச்சு?"

"ஸ்பிரிங் தெறிச்சிடுச்சிக்கா. கை வழுக்கி."

என் காதைப் பார்த்தாள்.

"வழுக்கும்" என்றாள்.


ஜூலை 11, வெள்ளி

வெயில். காலையில் கொஞ்சம் தூறல். கொடியில் துணி நனைந்தது.

கண் தப்பித்தது. புருவத்தில் ஐந்து தையல். நேற்று ஆட்டோவில் போனோம். டிரெஸ்ஸிங் ரூமில் எப்போதும் இருக்கும் அந்த நர்ஸ்.

"எப்டி சார் ஆச்சு?"

"படில வழுக்கி விழுந்துட்டேன்."

நர்ஸ் பஞ்சை நனைத்துக்கொண்டே, "உங்க வீட்ல மொத்தம் எத்தினி படி சார்? போன தீபாவளிக்கு அம்மாவும் படிலதான் விழுந்தாங்க. அதுக்கு முன்ன ஒரு தபாவும்."

எங்கள் வீட்டில் படியே கிடையாது. தெருவும் தரையும் ஒரே மட்டம், மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும்.

என் பழைய பொய்யை அப்படியே எடுத்துக்கொண்டார். வார்த்தைகூட மாறவில்லை. பெண்டாட்டி கையால் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. புருஷன் கையால் என்று சொல்ல எனக்கு வந்ததா?

வீட்டுக்கு வந்ததும் ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.


ஜூலை 13, ஞாயிறு

கோழிக்குழம்பு. ச. இரண்டாவது முறை சோறு கேட்கவில்லை.

வேன் பக்கம் வருவதில்லை. நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு, அங்கிருந்து பார்க்கிறார். நான் நெம்புகோலை எடுத்தால் கண் அதிலேயே இருக்கிறது.

தனியாகச் செய்ய வழி கண்டுபிடித்துவிட்டேன். நெம்புகோலை வயிற்றால் அமுக்கி, பட்டுக் கயிறால் சீட்டுச் சட்டத்தோடு இழுத்துக் கட்டிவிட்டால் அது அங்கேயே நிற்கிறது. இரண்டு கையும் சும்மா. ஆற அமர லாக்கை வைக்கலாம். இரண்டாவது ஆள் தேவையே இல்லை. வயிற்றில் மட்டும் நீளமாக ஒரு கன்றல்.

மூன்றும் நான்கும் முடிந்தன. ஒடிந்த ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது முனை குத்தியது.

இன்று நான் செய்த ஒன்று. சாப்பிட்டு முடித்ததும் தட்டை அவருக்குப் பின்னால் மேடையில் சத்தமாக வைத்தேன். அவர் உடம்பு தூக்கிப்போட்டது. கொஞ்ச நேரம் கழித்து டம்ளரை வைத்தேன். மறுபடியும். மூன்றாவது முறை குழம்புச் சட்டி மூடி. வேண்டுமென்றே.

இனித்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் சும்மா எழுதினேன். நாக்கில் நிஜமாகவே ஓர் இனிப்பு. இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. அவர் பயப்படட்டும், நான் ஸ்பேனரை எடுத்து எடுத்து வைக்கிறேன். இருபத்தொரு வருஷம் அவருக்கும் இப்படித்தான் இனித்துக்கொண்டிருந்ததா?

ஆறாவது ஸ்பிரிங்கும் முடிந்து, கடைசி சிலிண்டரிலிருந்து கயிறை இழுத்தபோது பாதியில் அறுந்தது. மூன்று முறை நசுங்கிய பட்டு. தறி அச்சில் இழை கோக்கும் மெல்லிய கொக்கியைப் பரிமளாக்காவிடம் வாங்கிவந்து, பிளக் ஓட்டைக்குள் விட்டு, கொத்துக் கொத்தாக எடுத்தேன். ஒரு மணி நேரம். எல்லாம் வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ச. நாற்காலியிலிருந்து, "பட்டு அறுந்துச்சா?" என்றார்.

"அறுந்துச்சு."




ஜூலை 15, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. சமையல் கேஸ் வந்தது, மேல்மூடிக்குப் புது கேஸ்கெட் வாங்கி ஒட்டினேன், ஒரு பார்டர் டிசைன் முடித்து அனுப்பினேன் (கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடுவது என் வேலை, அன்னப்பட்சி, இந்த வருஷம் எல்லாருக்கும் அன்னப்பட்சிதான் வேண்டும்).

இன்று பதினொரு மணி. பக்கத்தில் நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. சீட்டைப் போட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன். துடிப்பு ஒன்றுபோல. நீலப் புகை இல்லை. ச.கூட நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

பிறகு வாடை. முடி கருகுகிற வாடை. சைலன்சரிலிருந்து புகை வெள்ளையாக எட்டிப் பார்த்து, வாசல் முழுக்கப் பரவி, தெருவுக்குப் போனது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. கொக்கிக்கு மாட்டாத மிச்சம் உள்ளே எரிகிறது. அசல் பட்டா என்று பார்க்க இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்க்கிற ஊர். சிரிப்புகூட வந்தது.

பரிமளாக்கா ஓடிவந்தாள். செருப்பில்லை, முந்தானை தரையில் புரண்டது, இரண்டு கையிலும் ஒரு கனத்த கம்பளிப் போர்வையை விரித்துப் பிடித்திருந்தாள். வேனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராக அடுக்களைக்குள் போய் "கலா, கலா" என்று கத்தினாள். தறிச் சத்தத்தையும் இன்ஜின் சத்தத்தையும் மீறி அது கேட்டது.

இன்ஜினை அணைத்தேன். "அக்கா. இங்க இருக்கேன்."

வெளியே வந்து என்னைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். போர்வை மடியில்.

"பட்டுக்கா. கயிறு உள்ள மாட்டிகினு எரிஞ்சிது."

"பட்டு நாத்தம் எனக்குத் தெரியாதா. பொறந்ததுலேர்ந்து மோந்துகினு கீறேன்." மூச்சு வாங்கினாள். "ஆனா பட்டுன்னு தோணல."

"இந்த வெயில்ல கம்பளி எங்கேர்ந்துக்கா?"

"கதவுக்குப் பின்னால ஆணில மாட்டி வச்சிருக்கேன். ரெண்டு வருசமா."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் புருவத்தில் பிளாஸ்திரியோடு நின்றிருந்த ச.வை அவள் பார்த்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

"இந்த வூட்ல ஒர்த்தர் எரியப்போறீங்க. இத்தினி நாளு அது நீதான்னு நெனச்சிகினு இருந்தேன். போன வாரத்துலேர்ந்து அதுவும் தெரியல. யாரா இருந்தா இன்னா, போர்வை ஒண்ணுதான்."

"ஏய், வூட்டுக்குப் போ" என்றார் ச. குரல் பாதிதான் வந்தது.

அவள் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். மறுபடி ஆணியில் மாட்டுவதற்கு.

சத்தம் தறியைத் தாண்டிப் போகாது. வாடை போகும்.


ஜூலை 16, புதன்

மழை வரும்போல இருந்து வரவில்லை.

ரெண்டு வருசமா என்றாள். ஏன் இரண்டு என்று எனக்குத் தெரியும். எதிலும் எழுதியதில்லை. அந்த மார்ச் மாதம் வேனிலிருந்து குழாய் போட்டு எடுத்த பெட்ரோலை மக்கில் கொண்டுவந்து என் புடவையில் ஊற்றினார், பின்கட்டில். தீப்பெட்டி எடுக்கவில்லை. "சும்மா மெரட்டத்தான்" என்றார் பிறகு. குளித்தும் மூன்று நாள் வாடை போகவில்லை. பரிமளாக்கா மாடியில் நூல் காயப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள். அப்போது இறங்கி வரவில்லை. கம்பளி வாங்கி மாட்டியிருக்கிறாள்.

அவள்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நான் என்ன செய்தேன்? நானும் புடவையைத் துவைத்துக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாக்கில் வந்த இனிப்பைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். விரல்களைத் திறந்தபோதும் அது இருந்தது. யார் என்றுதான் தெரியவில்லை என்று அவள் சொன்னது வெறும் பேச்சில்லை.

காஞ்சிபுரத்துக்குப் போன் செய்தேன். டிசைன் ஆபீஸ். எப்போது வேண்டுமானாலும் வாங்க என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது. இன்னும் இடம் இருக்கிறதா என்றேன். "மேடம், நீங்க வரேன்னு சொல்லுங்க மொதல்ல. மாடில ஒரு ரூம் சும்மாதான் கீது."

"வெள்ளிக்கிழம வரேன்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது சொல்லிவிட்டேன் என்று.

ஏற்ற வேண்டியவை: கம்ப்யூட்டர், மானிட்டர். சர்ட்டிபிகேட் பை. லைசென்ஸ். வேன் ஆர்.சி. (என் பெயரில்தான் இருக்கிறது). புடவை ஐந்து. சின்ன குக்கர். நி.யின் குளிர்காலச் சட்டைகள். இந்த நோட்டு.

ஓட்டத் தெரியும். ச. குடித்துவிட்டு வருகிற கல்யாணங்களிலிருந்தெல்லாம் நான்தான் ஓட்டி வந்திருக்கிறேன்.


ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்று. வாசலில் தண்ணீர் தெளித்தால் தெளித்த இடத்தில் விழவில்லை.

ச. வலி மாத்திரை போட்டு மத்தியானம் தூங்கினார். பின்கட்டுச் சுவருக்கு மேலாகச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். பரிமளாக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். மானிட்டரை வாங்கும்போது, "கனமா கீதே, ஜல்தி வுடு, கை நோவுது" என்றாள்.

எழுந்ததும் ச. மேஜையைப் பார்த்தார்.

"எங்க கம்ப்யூட்டரு?"

"ரிப்பேர். குடுத்திருக்கேன்."

கட்டுப் போட்ட கையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கட்டு பிரிக்கட்டும். கை வரட்டும். பேசிக்கலாம்."


ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. ஐந்து மணியிலிருந்து ஒலிபெருக்கி. கூழ் வாசனை.

கட்டு பிரிக்க வேனில்தான் போனோம். நான் ஓட்ட, ச. பக்கத்தில். கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு. இன்ஜின் எங்கள் இருவருக்கும் அடியில் ஒழுங்காக ஓடியது. "நல்லா வேலை செஞ்சிருக்க" என்றார், வெளியே பார்த்துக்கொண்டு. இந்த முறை எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்களுக்கு முன்னால் ஆறு பேர். பிறகு உள்ளே. வட்ட ரம்பம் வைத்து மாவுக்கட்டை அறுத்தார்கள். மாவு பறந்தது. ரத்தக் கறை இருந்த பக்கம் கடைசியாக உடைந்தது. உள்ளே இருந்து கை வந்தது. சின்னதாக, வெளுத்து, தோல் செதில் செதிலாக. எனக்குத் தெரிந்த கை இல்லை.

"மடக்குங்க சார்."

விரல்கள் பாதிதான் மடங்கின. கட்டைவிரல் வரவே இல்லை. ச. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். வரவில்லை.

கட்டுப் பிரித்தவர் நல்ல மனிதர். வயதானவர். "பயப்படாதீங்க, ஒரு மாசத்துல பழையபடி ஆயிடும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதான்மா பக்கத்துல ஒக்காந்து தெனம் செஞ்சு வுடணும். ஒவ்வொரு வெரலா புடிச்சு மடக்கி, நல்லா முட்டி புடிக்க வெக்கணும். காலைல இருவது தபா, சாயங்காலம் இருவது தபா. அவரால தனியா முடியாது." செய்து காட்ட என் கையை எடுத்து, அதன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "இந்த மாதிரி. இறுக்கமா. புரியுதாம்மா?"

"புரியுதுங்க."

ச. என்னைப் பார்த்தார். நான் அந்தக் கையைப் பார்த்தேன்.

"மாத்திரை வாங்கிகினு வரேன்" என்றேன்.

எக்ஸ்ரேக்கு அவரை உட்கார வைத்திருந்தார்கள். வரிசை பெரியது. வீட்டுக்கு ஏழு நிமிஷம். பரிமளாக்கா எல்லாவற்றையும் வாசலில் எடுத்து வைத்திருந்தாள். பத்து நிமிஷத்தில் ஏற்றினோம். கடைசியாகப் போர்வையைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்கு மேல் போர்த்தினாள்.

"வேணாங்க்கா, வச்சிக்கோங்க."

"நான் இனிமே வச்சிகினு இன்னா பண்ண? குலுங்காம இருக்கும், எட்துனு போ." வேனின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினாள், பஸ்ஸைக் கிளப்புகிற மாதிரி.

இது செய்யாறு தாண்டி, சாலையோரப் புளியமரத்தடி. காற்றில் காகிதம் நிற்கவில்லை, ஒடிந்த ஸ்பிரிங்கை மேலே வைத்து எழுதுகிறேன். கருவிப் பையில் கிடந்தது. இன்ஜின் சூடாகி டிக் டிக் என்கிறது. மேட்டில் ஏறும்போது அந்த வாடை இன்னும் லேசாக வருகிறது. உள்ளே எங்கோ ஓர் இழை.

ச. ஒன்பது முறை அழைத்திருக்கிறார். இடது கையால்தான் அழுத்தியிருப்பார்.

நி.க்கு மட்டும் மெசேஜ் போட்டேன். கட்டு பிரித்தாயிற்று. நான் வீட்டில் இல்லை.

பார்த்துவிட்டாள். எழுதுகிறாள். நிறுத்திவிட்டாள். மறுபடி எழுதுகிறாள்.

கூப்பிடுகிறாள்.